ஒரு பள்ளியாண்டும் ஒரு குச்சிக்கிழங்கும்

சேலம், நாமக்கல் பக்கத்து அங்கன்வாடிகளிலும் தொடக்கப்பள்ளிகளிலும் சுவரில் ஒட்டியிருக்கும் காய்கறிப் படத்தை ஒரு தடவை நின்று பாருங்கள். மண்ணுக்குள் விளைவது என்றால் கேரட், பீட்ரூட், முள்ளங்கி, உருளைக்கிழங்கு. ஊட்டியில் விளையும் கேரட்டுக்குப் பிள்ளை ஆரஞ்சு வண்ணம் தீட்டிப் பழகுகிறது. சாலைக்கு அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்கு நிற்கும் குச்சிக்கிழங்குக் காடு பெரும்பாலும் அந்தப் படத்தில் இருக்காது. அதே பிள்ளை நல்ல நாளென்றால் வீட்டில் அந்தக் கிழங்கிலிருந்து செய்த ஜவ்வரிசியில் பாயசம் குடிக்கிறது. ஜவ்வரிசி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் “கடையிலேருந்து” என்கிறது. பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. நாம் சொல்லிக்கொடுக்கவில்லை.

மரவள்ளி, குச்சிக்கிழங்கு, ஆழ்வள்ளி, கப்பக்கிழங்கு, ஏழிலைக்கிழங்கு என்று வட்டாரத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம். இந்தக் கிழங்கை மூன்று முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்த நினைக்கும் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும்தான் இந்தக் கட்டுரை. கற்பிப்பதற்கு இதைவிடத் தோதான பயிர் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. காரணம் அதன் வயது. நட்டதிலிருந்து பிடுங்குவதற்கு ஒன்பது, பத்து மாதம் ஆகும். ஜூனில் பள்ளி திறந்த கையோடு நட்டால், ஆண்டு விடுமுறைக்கு முன்னால் மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ கிழங்கு கையில் இருக்கும். கீரை ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். தென்னையோ மாவோ காய்ப்பதற்குள் நட்ட பிள்ளை பள்ளியை விட்டே போயிருக்கும். இது ஒரு வகுப்போடு சேர்ந்து வளர்ந்து, அந்த வகுப்பு முடியும்போது தானும் முடிகிறது.

விதை வாங்க வேண்டாம். முற்றிய தண்டு போதும். நுனியையும் அடியையும் விட்டுவிட்டு நடுத்தண்டை அரையடி நீளத்துக்கு, எட்டுப் பத்துக் கணு இருக்கும்படி நறுக்கவேண்டும். வேளாண்மைத் துறை இதைக் கரணை என்று எழுதும். ஊரில் குச்சி என்றுதான் சொல்வார்கள். நறுக்குவது பெரியவர் வேலை. பச்சைத் தண்டை வெட்டினால் பால் வடியும். பிள்ளைகள் அதைத் தொட்ட கையோடு கண்ணைக் கசக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆமணக்கும் ரப்பரும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். பக்கத்தில் ஆமணக்குச் செடி இருந்தால் இரண்டு இலையையும் சேர்த்து வைத்துக் காட்டலாம். உறவு முகத்திலேயே தெரியும்.

முதல் பாடம் குச்சியிலேயே இருக்கிறது. ஆளுக்கொரு குச்சியைக் கையில் கொடுத்து, இதில் தலை எது, கால் எது என்று கேளுங்கள். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு கணுவிலும் இலை உதிர்ந்த தழும்பு புடைத்துக்கொண்டு நிற்கும். அதற்கு நேர் மேலே கடுகளவு மொட்டு ஒன்று உட்கார்ந்திருக்கும். தழும்பு கீழே, மொட்டு மேலே. அப்படிப் பிடித்தால் குச்சி நேராக இருக்கிறது என்று பொருள். நாலு வயதுப் பிள்ளை விரலால் தடவியே இதைக் கண்டுபிடித்துவிடும். மொட்டு வானத்தைப் பார்க்கும்படி பாதிக் குச்சியை மண்ணுக்குள் ஊன்ற வேண்டியதுதான். குச்சிக்குக் குச்சி மூன்றடி இடைவெளி விடுங்கள். இடமில்லாத பள்ளி, பழைய சிமெண்ட் மூட்டையில் மண் நிரப்பி ஒரே ஒரு குச்சி வைத்தாலும் போதும். கிழங்கு சிறுத்துப்போகும், பாடம் சிறுத்துப்போகாது.

பக்கத்திலேயே இன்னொரு குழி எடுத்து அதில் குச்சிக்கிழங்குத் துண்டு ஒன்றை நடுங்கள். மூன்றாவது குழியில் உருளைக்கிழங்குத் துண்டு. எது முளைக்கும் என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லி, சொன்னதைப் பலகையில் எழுதி வையுங்கள். இங்கே ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள்: விடையைச் சொல்லிவிடாதீர்கள். வாயைக் கட்டிக்கொண்டிருப்பது கஷ்டம்தான். பத்து நாள் போல ஆனதும் குச்சி துளிர்க்கும். உருளையும் கொஞ்சம் பொறுத்துத் தலைகாட்டும். குச்சிக்கிழங்குத் துண்டு மட்டும் முளைக்காது. தோண்டிப் பார்த்தால் அழுகி நாறும். உருளைக்கிழங்கு உண்மையில் மண்ணுக்குள் தடித்த தண்டு. அதனால் அதில் கண் இருக்கிறது, கண்ணிலிருந்து முளை வருகிறது. மரவள்ளிக் கிழங்கு வேர். அதில் கண்ணே கிடையாது. தண்டும் வேரும் வேறு வேறு என்று படம் போட்டு விளக்குவதைவிட, அந்த அழுகிய துண்டு நன்றாக விளக்கிவிடும். பெரியவர்களிலும் பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கலாம்.

இலை விரிந்த பிறகு கணக்குப் பாடத்துக்குக் குறைவில்லை. கை விரல் போலப் பிரிந்த இலை. ஒன்றில் மூன்று, ஒன்றில் ஐந்து, ஒன்றில் ஏழு. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பொருளைத் தொட்டு எண்ணச் சொல்கிறார்கள் அல்லவா, அதற்குப் பிளாஸ்டிக் மணி வாங்குவதற்கு முன் இந்த இலையைப் பறித்துப் பாருங்கள். காலையில் விறைப்பாக இருக்கும் இலை உச்சி வெயிலில் தொங்கிப்போவதையும் கவனிக்கச் சொல்லலாம். வாடிவிட்டது என்று தண்ணீர்க் குடத்தோடு ஓடிவரும் பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம். சாயங்காலம் இலை தானாக நிமிரும்போது அவர்களுக்கே புரியும். வெயிலைக் குறைத்து வாங்கிக்கொள்ளச் செடி செய்யும் தந்திரம் அது. காலாண்டு, அரையாண்டு விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாவிட்டாலும் வேர் பிடித்த செடி தாக்குப்பிடிக்கும். பள்ளித் தோட்டத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

இலைக்காம்பில் கழுத்துமாலை செய்யும் விளையாட்டு உங்களுக்கு நினைவிருக்கும். நீளமான காம்பை விரற்கடை விட்டு விரற்கடை ஒடித்து, ஒரு பக்கம் தோல் அறாமல் இழுக்க வேண்டும். அடுத்த ஒடிப்பை எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும். இரண்டு சரம் இறங்கும், கீழே இலை பதக்கமாகத் தொங்கும். கைவிரல்களுக்கு நல்ல பயிற்சி. விளையாடி முடித்ததும் கை கழுவுவது கட்டாயம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சில செடிகளில் இலை மஞ்சள் திட்டுத் திட்டாகச் சுருங்கி நிற்கும். அது தேமல் நோய். வெள்ளை ஈ பரப்பும், நோய்ச் செடியின் குச்சியை நட்டாலும் வரும். குச்சி கேட்கும்போதே இலை தெளிவாக இருந்த செடியிலிருந்து கேளுங்கள். நுனிக் குருத்தில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் இருந்தால் அது மாவுப்பூச்சி. இதற்கு ஒரு கதையே இருக்கிறது, பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். மரவள்ளியை மட்டும் குறிவைக்கும் ஒரு மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தின் திருச்சூர் பக்கம் தென்பட்டது. பிறகு சேலம், நாமக்கல் காடுகளுக்கும் வந்து குருத்தெல்லாம் முடங்கிப்போனது. அதை அடக்க, ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டிலிருந்து கொசுவைவிடச் சின்னதான ஒரு குளவியைக் கொண்டுவந்தார்கள். அனகைரஸ் லோபெசி என்று அதற்குப் பெயர். அது மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். பொரித்து வரும் குஞ்சு பூச்சியை உள்ளிருந்தே தின்றுவிடும். 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அந்தக் குளவியை வயலில் விட்டார்கள். நம் ஊர்க் காட்டைக் காப்பாற்ற விமானம் ஏறி வந்த குளவி என்று சொன்னால், எந்தப் பிள்ளை காது கொடுக்காது?

பிடுங்கும் நாள் திருவிழா மாதிரி இருக்கட்டும். முதல் நாளே மண்ணை நனைத்து வையுங்கள். தண்டை முழங்கால் உயரத்துக்கு விட்டு வெட்டி, பெரியவர் ஒருவர் சுற்றிலும் மண்ணைக் கடப்பாரையால் நெகிழ்த்த வேண்டும். பிறகு பிள்ளைகள் வரிசையாக நின்று இழுக்கட்டும். நன்றாக விளைந்த ஒரு தூரில் ஐந்திலிருந்து பத்துக் கிழங்கு வரை இருக்கும். நீளவாரியாக அடுக்குவது, தராசில் எடை பார்ப்பது, கையால் தூக்கியே எது கனம் என்று யூகிப்பது எல்லாம் அங்கேயே நடக்கலாம். ஒரு கிழங்கை நெடுக்காகக் கீறி, தோலுக்கடியில் கட்டைவிரலைக் கொடுத்து நெம்பிக் காட்டுங்கள். மேலே காகிதம்போல் மெல்லிய பழுப்புத் தோல். அதற்கு உள்ளே வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தடித்த பட்டை. இரண்டும் சேர்ந்து உறையாகக் கழன்று வரும். நடுவில் குறுக்கு வெட்டில் ஒரு புள்ளி தெரியும், அதுதான் நார். அந்த நார்தான் இது வேர் என்பதற்கு இன்னொரு சாட்சி.

இனி மிக முக்கியமான விஷயம். பச்சைக் குச்சிக்கிழங்கைப் பிள்ளைகள் வாயில் வைக்கக் கூடாது. கேரட்டைக் கழுவிக் கடிக்கலாம், முள்ளங்கியைக் கடிக்கலாம், இதைக் கடிக்கக் கூடாது. கிழங்கு, தோல், இலை எல்லாவற்றிலும் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. செடி சும்மா இருக்கும்போது அதனால் ஒன்றுமில்லை. கடித்தாலோ நசுக்கினாலோ செடியிலேயே தனியாக ஒதுங்கியிருக்கும் ஒரு நொதி வந்து அதோடு சேர்ந்து, சயனைடு நச்சு வெளிப்படும். பூச்சியும் எலியும் தின்றுவிடாமல் இருக்கச் செடி வைத்திருக்கும் காவல் அது. பச்சை இலையை நிறைய மேய்ந்த ஆடு மாடு செத்துப்போவது இதனால்தான். நாம் சமைத்துச் சாப்பிடும் ரகங்களில் இந்த நச்சு குறைவு, மாவுக்காக வளர்க்கும் ரகங்களில் கூடுதலாக இருக்கக்கூடும், தோலில் எப்போதும் அதிகம். அதே அளவு நச்சு பெரியவரைவிடச் சின்ன உடம்பை அதிகமாகத் தாக்கும் என்பதால் பிள்ளைகள் விஷயத்தில் விளையாட்டுக்கு இடமே இல்லை.

இதற்காகப் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. இரண்டு தோலையும் முழுக்க உரித்து, சிறு துண்டுகளாக நறுக்கி, கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டு, நிறையத் தண்ணீர் விட்டுப் பாத்திரத்தை மூடாமல் நன்றாக வேகவைத்து, வெந்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். நச்சு ஆவியோடும் தண்ணீரோடும் போய்விடும். நம் பாட்டிமார் காரணம் சொல்லாமலே செய்துவந்த முறை இதுதான். குக்கரில் போட்டு அந்தத் தண்ணீரையே வற்றவைக்கும் புதுப் பழக்கம் எனக்குச் சரியாகப் படவில்லை. கசக்கும் கிழங்கு எதுவானாலும் எறிந்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இவ்வளவு விளக்கம் தேவையில்லை. “பச்சையாத் தின்னா வயித்தைக் கெடுக்கும், வெந்ததுதான் நம்மளுது” என்று ஒவ்வொரு தடவையும் ஒரே வாக்கியமாகச் சொன்னால் போதும். ஏழெட்டு வயதுக்கு மேல் உண்மையை அப்படியே சொல்லலாம். செடிக்கும் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியும் என்பது அவர்களுக்கு வியப்பாகத்தான் இருக்கும்.

வெந்த கிழங்கில் உப்புப் போட்டு, நாரை உருவிவிட்டு, தேங்காய்த் துருவலோடு கொடுங்கள். சிப்ஸாக மட்டுமே இதைத் தெரிந்த பிள்ளைக்கு, இப்படி மெத்தென்று வெந்த கிழங்கு முதலில் அந்நியமாக இருக்கலாம். வற்புறுத்தாமல் அடுத்த வாரமும் வையுங்கள். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லவேண்டும். இதில் மாவுச்சத்துதான் முக்கால்வாசிப் பலம், புரதம் மிகவும் குறைவு. கேரளத்தில் கப்பையோடு மீன்குழம்பு வைப்பது ருசிக்காக மட்டுமல்ல. நம் பிள்ளைக்குக் கிழங்கோடு வேர்க்கடலையோ, சுண்டலோ, முட்டையோ சேர்த்துக் கொடுப்பது நல்லது.

அடுத்த நாள் வேலை பால் எடுப்பது. உரித்த கிழங்கு ஒன்றைப் பெரியவர் துருவி, தண்ணீர் விட்டு, மெல்லிய வேட்டித் துணியில் கட்டிக் கொடுக்க, பிள்ளைகள் வாளிக்குள் பிழியட்டும். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், யாரும் நக்கிப் பார்க்காமல் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். பிழிந்த பாலை ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்தால், மேலே தண்ணீர் தெளிந்து அடியில் வெள்ளை மாவு கெட்டியாகப் படியும். தண்ணீரை இறுத்துவிட்டு அந்த ஈரமாவை ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் வையுங்கள். அழுத்திப் பிடித்தால் உருண்டையாக நிற்கும். கையைத் தளர்த்தினால் விரலிடுக்கில் வழிந்து ஓடும். வகுப்பில் அன்றைக்கு வேறு பாடம் நடக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு பெட்டாடினை மாவின் ஓரத்தில் விட்டால் கருநீலமாக மாறும். மாவுச்சத்து இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். சோற்றுப் பருக்கையிலும் உருளைத் துண்டிலும் அதே நிறம் வரும், வெள்ளரிக்காயில் வராது. சோதித்த துண்டுகளை உடனே அப்புறப்படுத்திவிடுங்கள்.

துணியில் மிஞ்சிய சக்கைக்கு மில்காரர்கள் திப்பி என்பார்கள். ஜவ்வரிசி செய்யும் சேகோ பேக்டரியில் நடப்பதும் நீங்கள் வாளியில் செய்ததேதான், அளவுதான் பெரிது. கிழங்கை உரித்து, அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டிகளில் தங்கவிடுவார்கள். படிந்த மாவை வெட்டி எடுத்து, ஈரம் காயாமல் துணித் தொட்டிலில் போட்டுக் குலுக்குவார்கள். குலுக்கக் குலுக்க மாவு மணி மணியாகத் திரளும். சலித்து, சட்டியில் வறுத்தோ ஆவியில் வேகவைத்தோ, களத்தில் வெயிலில் காயப்போட்டால் ஜவ்வரிசி. வகுப்பில் இரண்டு பிள்ளைகள் ஒரு துண்டின் இரண்டு முனையையும் பிடித்து, பாதி காய்ந்த மாவை உள்ளே போட்டு ஆட்டினால் கோணல்மாணலாகச் சில மணிகளாவது வரும். அனுமதி கேட்டு ஒரு பேக்டரியின் களம்வரை அழைத்துப்போக முடிந்தால் இன்னும் நல்லது. இயந்திரம் ஓடும் பக்கம் சின்னப் பிள்ளைகள் வேண்டாம். காய்ந்த ஜவ்வரிசியை மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும் வயது அது என்பதையும் மறக்காதீர்கள். கடையில் கண் கூசும் வெள்ளையில் இருந்தால்தான் நல்ல ஜவ்வரிசி என்று நினைப்பது தப்பு. அந்த வெள்ளைக்காக ரசாயனம் சேர்த்துப் பிடிபட்ட ஆலைகள் உண்டு.

பிடுங்கிய கிழங்கில் ஒன்றைச் சமைக்காமல் ஜன்னலோரம் வைத்துவிட்டு மூன்று நாள் கழித்து வெட்டிக் காட்டுங்கள். உள்ளே கருநீலக் கோடுகள் ஓடியிருக்கும். சீசனில் கிழங்கு லாரிகள் ராத்திரியிலும் ஓடுவது ஏன் என்று அப்போது கேளுங்கள். பிடுங்கின ஓரிரு நாளில் பேக்டரிக்குப் போகாவிட்டால் விலை விழுந்துவிடும். விவசாயிக்குப் பணம் எடைக்கு மட்டும் கிடைப்பதில்லை. கிழங்கில் எத்தனை ‘பாயிண்ட்’ மாவு இருக்கிறது என்று பார்த்து, பாயிண்டுக்கு இவ்வளவு என்றுதான் விலை பேசுவார்கள். தன் அப்பாவோ தாத்தாவோ வீட்டில் பேசும் ‘பாயிண்ட்’ என்ன என்று அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குப் புரியும். இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான்.

கதை கேட்கும் வயதுப் பிள்ளைகளுக்கு வரலாறும் கொஞ்சம் சொல்லலாம். இந்தக் கிழங்கு நம்முடையதே அல்ல. தென் அமெரிக்காவிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாகக் கேரளக் கரைக்கு வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் இதைப் பரப்பினார். மக்கள் பயப்படுகிறார்கள் என்று தானே முதலில் சாப்பிட்டுக் காட்டினார் என்று சொல்வதுண்டு. ஜவ்வரிசியும் முதலில் கடல்கடந்து வந்ததுதான். தென்கிழக்காசியாவில் சேகோ என்ற ஒரு பனையின் அடிமரத்திலிருந்து மாவெடுத்து அதைச் செய்தார்கள். இரண்டாம் உலகப்போரில் கப்பல் வரத்து நின்றபோது, 1943-இல் சேலத்து மாணிக்கம் செட்டியாரும், மலேயாவிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து குச்சிக்கிழங்கிலிருந்தே அதைச் செய்யத் தொடங்கினார்கள். 1981-இல் உற்பத்தியாளர்களுக்கென்று சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் வந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இதற்கெல்லாம் செலவு என்று பார்த்தால் அநேகமாக ஒன்றுமில்லை. கிழங்கு பிடுங்கிய காட்டு வரப்பில் தண்டுகள் கட்டுக்கட்டாக நிழலில் சாத்தியிருக்கும். பள்ளிக்கூடத்துக்கு என்று கேட்டால் பத்துக் குச்சிக்கு யாரும் காசு வாங்க மாட்டார்கள். தண்டு காய்ந்துபோனால் துளிர்க்காது. நகத்தால் கீறிப் பார்த்து, உடனே பால் வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதமே ஒரு விவசாயியிடம் சொல்லிவைத்துவிடுங்கள். பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே நட்டுவிட வேண்டும். ஜூலையைத் தாண்டினால் பிடுங்குவதற்குள் பிள்ளைகள் விடுமுறைக்குப் போய்விடுவார்கள்.